நாற்பத்தொன்றாம் எண் ரத்தம்

ஊசி குத்தியது அவளுக்கு முதலில் தெரியவே இல்லை. கையுறைக்குள் இடது கட்டைவிரல் நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு பரவுவதைப் பார்த்த பிறகுதான் சுருக்கென்றது. பதினாறு வருஷமாகச் செல் வளர்ப்பவள். பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடாதே என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் படித்துப் படித்துச் சொல்பவள். அன்றைக்கு அவளே மூடி போட்டாள். கை தன் போக்கில் போட்டுவிட்டது.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கைராசிக்காரி என்று பெயர். மற்றவர்கள் வளர்க்கிற செல்கள் காளான் பிடித்தும் பட்டினி கிடந்தும் சாகும்; இவள் தொட்டது பிழைக்கும். மற்றவர்கள் கை வைத்துக் கெடுத்த குடுவைகூட இவளிடம் வந்தால் இரண்டே நாளில் தேறிவிடும். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது, வந்த வினையெல்லாம் அங்கிருந்துதான்.

விரலைக் குழாயடியில் பத்து நிமிஷம் நீட்டினாள். பாதுகாப்பு அதிகாரி படிவத்தோடு ஓடி வந்தார். அவர் எதற்கும் படிவத்தோடுதான் ஓடி வருவார்.

"ஊசியில எந்த நம்பர் செல்லும்மா இருந்தது?"

"நாப்பத்தொண்ணு."

அவர் கோப்பைப் புரட்டினார். "நாப்பத்தொண்ணு... தபால்காரர் ரத்தம். எல்லா டெஸ்டும் சுத்தமா இருக்கு. அப்புறம் என்ன, கவலைய விடு. ஊரான் செல்லு உன் உடம்புக்குள்ள போனா அது சும்மா விடுமா? ஒரு வாரத்துல அடிச்சுத் தொரத்திடும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ டீ வாங்கி வந்து கொடுத்தார்கள். அவளும் சிரித்தாள். டீயை வாயில் வைக்காமல் மேசையில் வைத்தாள்.

காரணம் இதுதான். ஊசியில் இருந்தது தபால்காரர் ரத்தமில்லை. அவளுடைய ரத்தம்.

செல் வளர்க்கும் அறைக் கதவில் பதினொரு விதிகள் ஒட்டியிருக்கும். ஏழாவது விதி: உன் ரத்தத்தை நீ வளர்க்காதே. புதியவர்கள் அதைப் படித்துவிட்டு, அடுத்தவன் ரத்தத்துக்கல்லவா பயப்பட வேண்டும், நம் ரத்தம் நம்மை என்ன செய்யும் என்று கேட்பார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்கிறவளும் இவளே. உடம்பில் ஒவ்வொரு செல்லும் தனக்குள் என்ன நடக்கிறது என்பதைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒரு சின்னத் தட்டில் வைத்து வெளியே நீட்டிக்கொண்டே இருக்கிறது. டி செல்கள் என்கிற காவல்காரர்கள் அந்தத் தட்டுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சுற்றுகிறார்கள். தட்டே வேறு வீட்டுத் தட்டாக இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று விசாரிக்கக்கூட நிற்க மாட்டார்கள். அங்கேயே அடித்துப் போட்டுவிடுவார்கள். ஒருவர் சிறுநீரகம் இன்னொருவருக்கு எளிதில் ஒட்டாததற்குக் காரணம் அந்தத் தட்டுத்தான். தட்டு நம் வீட்டுத் தட்டாக இருந்தால், அதில் இருக்கும் துண்டை மட்டும் பார்ப்பார்கள். துண்டும் தெரிந்த துண்டாக இருந்தால் பேசாமல் போய்விடுவார்கள்.

குடுவையில் அவள் வளர்த்துக்கொண்டிருந்தவை சாதாரணச் செல்களும் இல்லை. ஒரு வைரஸை ஏற்றி, பெருகுவதை நிறுத்தவே தெரியாதபடி ஆக்கப்பட்டவை. அந்தக் கூடத்தில் எல்லா ஆராய்ச்சிக்கும் அவைதான் தட்டு நீட்டி உதவும். கண்ணாடிக்குள் இருக்கும்வரை நல்ல பிள்ளைகள். அடுத்தவர் உடம்புக்குள் போனால் காவல்காரர்கள் தட்டைப் பார்த்தே தீர்த்துக்கட்டுவார்கள். சொந்த உடம்புக்குள் திரும்பிப் போனால், பெருகுவதை நிறுத்தத் தெரியாத ஒன்று வீட்டு ஆள் வேஷத்தில் உள்ளே நுழைந்த மாதிரி. அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சொல்லை மனசுக்குள்கூடச் சொல்லிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. அந்த வைரஸ் பெரும்பாலானவர்களுக்குச் சின்ன வயதிலேயே வந்து போயிருக்கும். தட்டு சொந்தத் தட்டாக இருந்தாலும், அதிலிருக்கும் வைரஸ் துண்டைக் காவல்காரர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். நல்ல ஆரோக்கியமான ஆள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அவள் ஆரோக்கியமான ஆள் இல்லை. இரண்டு வருஷமாக இரண்டு மணிக்கட்டிலும் வாதம். அவளுடைய காவல்காரர்கள் புத்தி பேதலித்து, சொந்த மூட்டையே போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். மூட்டு டாக்டர் கொடுத்த மாத்திரைக்கு வேலையே அவர்களை அரைத் தூக்கத்தில் வைப்பதுதான். வலி போய்விட்டது, கை பழையபடி வேலை செய்தது. கதவிலிருந்த ஒன்பதாவது விதி இப்படிப்பட்ட மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உள்ளே வரக் கூடாது என்றது. அவள் மூச்சுவிடவில்லை. வெளியே சொன்னால் கைராசிக்காரிக்குக் கை போடக் குடுவை இருக்காதே!

சொந்த ரத்தத்தை ஏன் எடுத்தாள் என்பதற்கு அவளிடம் பெரிய காரணம் ஒன்றுமில்லை. தபால்காரர் முதலில் சோதனைக்குக் கொஞ்சம் ரத்தம் கொடுத்ததோடு சரி; வளர்ப்பதற்குக் கொடுக்க நாலு தடவை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை, ஐந்தாம் தடவை மாற்றலாகிப் போய்விட்டார். ஆராய்ச்சிக்கு அவருடைய வகைத் தட்டு வேண்டும். ஆய்வுக்கூடத்துத் தலைவி, எல்லாரும் மேடம் என்று கூப்பிடுகிறவர், தினமும் "நாப்பத்தொண்ணு என்னாச்சு?" என்று கேட்பார். வரவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவளுக்கும் அதே வகைத் தட்டுதான் என்று ஊழியர் பட்டியலில் இருந்தது. ஒரு நாள் காலை ரத்தம் எடுக்கிற நர்ஸிடம் கையை நீட்டினாள், குழாயில் நாற்பத்தொன்று என்று சீட்டு ஒட்டினாள். புது ஆள் கிடைத்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்தச் செல்களோ அதுவரை அந்தக் கூடத்தில் எதுவுமே வளராத மாதிரி வளர்ந்தன. மேடம் ஒரு கூட்டத்தில் படம் போட்டுக் காட்டிப் பெருமைப்பட்டார். அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது?

வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த தரையையே துடைத்தாள். அலமாரித் துணிகளையெல்லாம் எடுத்து மடித்து வைத்தாள், பிறகு வேறு விதமாக மடித்து வைத்தாள். நடுநடுவே இடது கட்டைவிரலை வலது கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாளெல்லாம் மேலும் கீழும் போய்வருகிறவர், வீட்டுக்கு வந்தால் அசையாமல் உட்கார்ந்திருக்கத்தான் ஆசைப்படுவார்.

"என்னம்மா, காலுல சக்கரம் கட்டிட்டியா? உன்னப் பாத்தா எனக்குத் தலை சுத்துது."

"சும்மாதான்."

"சும்மா இருக்கிறவ இப்படியா இருப்பா?"

ஐந்தாம் நாள் விரல் நுனியில் கடுகளவு ஒரு கட்டி தட்டுப்பட்டது. அல்லது தட்டுப்பட்டதாக நினைத்தாள். அவர் முன்னால் விரலை நீட்டினாள்.

"இங்க தொட்டுப் பாருங்க. ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லையே."

"நல்லா அழுத்திப் பாருங்க."

"இருக்குன்னு சொன்னா இருக்கு, இல்லன்னு சொன்னா இல்ல. நான் எதச் சொல்லணும்? அதச் சொல்லு."

அவள் விரலை இழுத்துக்கொண்டாள். ஏழாம் நாள் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கட்டி இருந்தது. மிளகளவு. வலி இல்லை, சிவப்பு இல்லை, சூடு இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. காவல்காரர்கள் வந்து சண்டை போட்டிருந்தால் இடம் சிவந்திருக்கும், சுட்டிருக்கும். இங்கே யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே சொல்லாமல் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது, அந்த வழி அவளுக்குக் கைவந்த வேலை. அறுபது எழுபது பேர் ரத்தத்தை வைத்து வாரத்தில் ஒரு நாள் செய்வதுதான். தொண்ணூற்றாறு குழி உள்ள தட்டையான பிளாஸ்டிக் பலகை. ஒவ்வொரு குழியிலும் ஒருவருடைய டி செல்களைப் போட்டு, கூடவே தட்டு நீட்டும் செல்களைப் போட்டு ஒரு நாள் சூட்டில் வைப்பார்கள். எந்த டி செல் அடையாளம் கண்டு கொதித்ததோ, அது இருந்த இடத்தில் சாயம் ஏற்றினால் ஒரு நீலப் புள்ளி விழும். புள்ளியை எண்ணினால் ஆயிற்று. கடைசி வரிசையில் எப்போதும் ஆறு குழி காலியாகக் கிடக்கும். வியாழக்கிழமை அந்த ஆறிலும் தன்னுடையதைப் போட்டாள். இரண்டு குழியில் அவளுடைய டி செல்கள் மட்டும். இரண்டில் நாற்பத்தொன்றோடு சேர்த்து. மீதி இரண்டில், எப்பேர்ப்பட்ட சோம்பேறி டி செல்லையும் தட்டி எழுப்புகிற மருந்தோடு. பெயர் எழுத வேண்டிய இடத்தில் எக்ஸ் என்று எழுதினாள். ஒப்பிட்டுப் பார்க்க மேல் வரிசையில், புள்ளி எண்ணுகிற அண்ணனின் ரத்தம். எப்போது கேட்டாலும் அவர் மறுக்காமல் கையை நீட்டுவார்.

அவருக்கு அங்கே பெரிய புள்ளி என்று பெயர். இருபது வருஷமாகப் புள்ளி எண்ணுகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

மறுநாள் காலை பலகையைக் கழுவிச் சாயம் விட்டாள். கண்ணெதிரே புள்ளிகள் எழுந்தன. பெரிய புள்ளியின் குழிகளில் மிளகுத்தூளை அள்ளிக் கொட்டின மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. நாற்பத்தொன்று அவருக்கு வேற்று வீட்டுத் தட்டு, கொதித்துவிட்டார். கடைசி வரிசை வெளுப்பாகவே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கொடுக்கலாம் என்று கொடுத்தாள். வெளுப்பாகவே இருந்தது. பூதக்கண்ணாடியை வைத்து எண்ணினாள். நாற்பத்தொன்றோடு இருந்த ஒரு குழியில் மூன்று, இன்னொன்றில் நாலு. ஒன்றும் சேர்க்காத குழிகளிலும் மூன்று, நாலு. தட்டி எழுப்பும் மருந்துக்குக்கூட அறுநூறு விழ வேண்டிய இடத்தில் நூறு, அதுவும் மங்கலாக.

மறுபடி எண்ணினாள். மூன்று, நாலு.

பெரிய புள்ளி பலகையை வாங்கி இயந்திரத்தில் வைத்தார். திரையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

"யாரு இந்த எக்ஸு? ஆளு நல்லா தூங்குறாப்புல இருக்கே. என் செல்லப் பாரு, நாப்பத்தொண்ணப் பாத்ததும் எப்படிக் குதிக்குதுன்னு. இந்த எக்ஸுக்கு மட்டும் என்னமோ சொந்தக்காரனப் பாத்தாப்புல..."

சொல்ல ஆரம்பித்ததை அவர் முடிக்கவில்லை. திரையிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தார். அவள் இடது கட்டைவிரலை வலது கைக்குள் மூடி வைத்துக்கொண்டு பேயறைந்த மாதிரி நின்றாள். இருபது வருஷம் புள்ளி எண்ணினவருக்கு இந்தக் கணக்குப் போட எவ்வளவு நேரமாகும்?

"மேடம் ரூம்லதான் இருக்காங்க," என்றார்.

அறைக்குள் போய் நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்ததெல்லாம் மறந்து போயிற்று.

"மேடம், நாப்பத்தொண்ணு தபால்காரர் ரத்தம் இல்ல. என்னுது."

மேடத்துக்கு முதலில் கோபம் வேலையை நினைத்துத்தான் வந்தது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "மூணு மாச வேலை! கூட்டத்துல வச்சுப் படம் காட்டியிருக்கேன். உன்ன நம்பித்தானே காட்டினேன்? பதினாறு வருஷம் ஏழாவது விதியச் சொல்லிக் குடுத்ததே நீதான். நீயே..." பேசிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். "இரு. போன வாரம் நீ குத்திக்கிட்ட ஊசி..."

"அதேதான் மேடம்."

"டெஸ்ட் பண்ணிப் பாத்தியா?"

"இப்பத்தான் பாத்தேன். மூணு, நாலு."

"அதெப்படி மூணு நாலு வரும்? அந்த வைரஸ் வராத ஆளா நீ?" மேடம் எழுந்தே விட்டார். "ஏய், மாத்திரை ஏதும் சாப்பிடுறியா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமா."

"உனக்கு அறிவிருக்கா?"

"இருக்கு மேடம். அதனாலதான் தூக்கம் வரல."

மேடம் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, மூட்டு டாக்டர் எண்ணைச் சொல் என்றார். அன்றைக்கே மாத்திரை நின்றது. அறுவை சிகிச்சை டாக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டியை வெட்டிவிடலாம், ஆனால் ஊசி உள்ளே எதைத் தொட்டது, எத்தனை செல் ரத்தத்தில் கலந்து எங்கே போயிற்று என்று கத்திக்குத் தெரியாது என்றார். உடம்பு விழித்துக்கொண்டால் அதுவே தேடிப் பிடிக்கும். மூன்று வாரம் பார்க்கலாம். அதற்குள் கட்டி பெருத்தாலோ, அக்குளில் கழுத்தில் வேறு கட்டி வந்தாலோ உடனே வா என்றார்.

நாற்பத்தொன்றாம் எண் குடுவைகளையும் உறைபெட்டியிலிருந்த குப்பிகளையும் ப்ளீச் ஊற்றி அழிக்கச் சொன்னார் மேடம். அவளுக்கே பரிசோதனை செய்ய ஒரே ஒரு குப்பி மட்டும் மிச்சம். அழிப்பதைத் தானே செய்கிறேன் என்று அவள் கேட்டாள்.

"நீ இனிமே அந்த ரூமுக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாது."

பெரிய புள்ளிதான் செய்தார். அவள் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். குடுவைக்குள் திரண்டு திரண்டு நின்ற செல்கள் கலங்கி, கரைந்து, தண்ணீராயின. தன்னைக் கொல்ல வந்தது என்று தெரிந்தும் அவளுக்கு அழுகை வந்தது. அவ்வளவு நன்றாக வளர்ந்ததை அவள் அதற்கு முன் வளர்த்ததில்லை.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரை சாப்பிடுவதை ஆய்வுக்கூடத்தில் மறைத்தது அவருக்கும் அன்றுதான் தெரியும். அவர் சாதாரணமாகக் கோபப்படாதவர்.

"கயிறு அறுந்திருக்குன்னு எழுதி மாட்டின லிஃப்ட்ல நானே ஏறினா நீ என்ன சொல்லுவ? புத்தி கெட்டவன்னு சொல்லுவியா மாட்டியா? உன் கை ராசி, கை ராசின்னு நாலு பேரு சொன்னா போதும், உனக்கு உசுரு பெருசாத் தெரியாது."

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே அவள் கையைப் பிடித்து விரலை அழுத்திப் பார்த்தார். அதற்குப் பிறகு காலையும் மாலையும், அவள் கேட்காமலே, பல் துலக்குகிற மாதிரி ஒரு வழக்கமாக அதைப் பார்த்தார். கட்டி அப்படியே இருந்தது. அவள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். அக்குளைத் தொட்டுப் பார்ப்பாள், கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை கண்ணாடி முன் நின்றாள். நாலு வீடு தள்ளி யாராவது இருமினால்கூடத் திடுக்கிட்டாள்.

மாத்திரை நின்ற ஒன்பதாம் நாள் வலது மணிக்கட்டு பிடித்துக்கொண்டது. பதினோராம் நாள் இடதும். டம்ளரைத் தூக்கினாள், தூக்க முடியவில்லை, தரையில் உருண்டது. அவர் ஓடி வந்தார்.

"வலிக்குதா?"

"வலிக்கலைங்க. வழுக்கிடுச்சு." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். விழித்துக்கொள்கிறார்கள், புத்தி கெட்ட காவல்காரர்கள், முதல் வேலையாகச் சொந்த வீட்டை அடிக்கிறார்கள், அடிக்கட்டும், அதே கையோடு விரல் பக்கமும் போகட்டும் என்று நினைத்தாள். அவருக்கு இது எதுவும் புரியவில்லை. வலி வந்து சிரிக்கிற மனுஷியை அவர் அப்போதுதான் பார்க்கிறார்.

பதினைந்தாம் நாளுக்குள் சட்டைப் பொத்தானை அவர்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. தலையும் அவர்தான் வாரினார். வகிடு எடுக்கத் தெரியாமல் கோணலாக எடுத்தார். இரண்டு முழங்காலும் வீங்கி, அவள் நடையை நிறுத்தினாள். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, உள்ளுக்குள்ளே நடந்துகொண்டிருந்தாள். பதினேழாம் நாள் காலை விரலைப் பார்க்க வந்தவர் நிமிர்ந்தார்.

"என்னம்மா இது, செவந்திருக்கு? சுடுது வேற."

அவள் விரலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சுட்டது. கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள்.

இருபத்தொன்றாம் நாள் நர்ஸ் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனாள். மறுநாள் பிற்பகல் தொலைபேசி அடித்தது. அவளால் அதைப் பிடிக்க முடியாது. அவர் எடுத்து அவள் காதோடு சேர்த்துப் பிடித்தார். பெரிய புள்ளியின் குரல்.

"உக்காந்திருக்கியா?"

"சொல்லுங்கண்ணே."

"நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு. இன்னொண்ணுல எரநூத்தி எட்டு. மெஷின நம்பாம கண்ணால எண்ணிட்டேன், ரெண்டு தடவ. உன் ஆளுங்க கண்டுபிடிச்சிட்டாங்கம்மா."

பெரிய புள்ளி தொடர்ந்து சொன்னார். டாக்டர்களிடம் மேடம் பேசியாயிற்று. கட்டி தானே கரையும், வாரா வாரம் பார்ப்பார்கள். மாத்திரையை மட்டும் இன்னும் ஆறு மாசத்துக்குத் தொடக் கூடாது. ஒரு செல்கூட மிச்சமில்லை என்று உறுதியாகும்வரை காவல்காரர்களைத் தூங்க வைக்க முடியாது. வலிக்கு வேறு ஏதாவது கொடுப்பார்கள், அது பாதிதான் கேட்கும். வேலைக்கு வந்தால் பதிவேடு எழுதுகிற நாற்காலி இருக்கிறது என்று மேடம் சொன்னார், குடுவைப் பக்கம் இனி கிடையாது.

"ஆறு மாசம் தாங்குவியாம்மா?"

"தாங்குறேண்ணே," என்றாள்.

வீட்டுக்காரர் தொலைபேசியை வைத்தார். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக் கை எழவில்லை. அவர் தோள் துண்டால் துடைத்துவிட்டார்.

"நல்ல சேதிதானே சொன்னாரு? எரநூறுன்னு எனக்கே கேட்டுச்சு. அப்புறம் ஏன் அழுவுற?"

"வலிக்குதுங்க," என்றாள் அவள். இரண்டு வருஷத்தில் அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "ரொம்ப வலிக்குது."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கையைப் பிடிக்கப் போனவர், மணிக்கட்டைத் தொட்டால் தாங்க மாட்டாள் என்று யோசித்து, முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டார்.